ஓரகத்தியின் டேம்

எல்லோரும் அதை டேம் என்றார்கள். நான் கடைசிவரை குட்டை என்றே சொன்னேன். காட்டோடைக்குக் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இழுத்துவிட்டால் அதற்குப் பெயர் டேமா? என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, போனை எடுத்தால் போதும், "டேம்ல இருக்கேன், அப்புறமாக் கூப்பிடறேன்" என்பாள். கலெக்டர் ஆபீசில் இருக்கிறேன் என்பது மாதிரி இருக்கும் அந்தத் தோரணை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் வயிறெரிய எனக்கு நியாயமே கிடையாது என்பதுதான் பெரிய கொடுமை. அந்த இடத்தை அவர்கள் தலையில் கட்டினதே நான்தான்.

மாமனார் காலமானபிறகு காட்டைப் பங்கு பிரித்தார்கள். சிறுவாச்சூரிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும் என்று ஒரு முறை உண்டு. பிரிக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லை என்றால் அவன் ஒழுங்காகப் பிரிப்பான். என் வீட்டுக்காரர் மேக்காடு ஒரு பங்கு, அடிக்காடு ஒரு பங்கு என்று பிரித்தார். மேக்காடு முழுக்க ஓடை அறுத்த பள்ளம், சுக்கான்கல், கருவேல முள். அடிக்காடு சமமான கரிசல், கிணற்றோடு. ஒழுங்காகப் பிரிக்கிற லட்சணம் அது. சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்த கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"கடைசி வரைக்கும் அப்பனுக்குக் கஞ்சி ஊத்துனது இவருதான். அடிக்காடு எங்களுக்குத்தான்" என்றேன், பெரிய மனுஷர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில்.

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். அவர், "அண்ணி கேட்டுட்டாங்க. குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் பாயசம் வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் கழித்து அவர் சிங்கப்பூரை விட்டு ஒரேயடியாக வந்துசேர்ந்தார். வந்த சூட்டோடு ஜேசிபியைக் கொண்டுவந்து கருவேலத்தைப் பிடுங்கினார். ஓடை எங்கள் அடிக்காட்டுக்குள் இறங்குகிற எல்லையில் கரை எழும்ப ஆரம்பித்தது. நான் வரப்பில் நின்று கேட்டேன், "பாசனத்துக்கா தம்பி?"

"இல்லீங்கண்ணி. நீந்தறதுக்கு."

"எதுக்கு?"

"நீந்தறதுக்குங்க. அங்க ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு கெடந்தோம். லீவு நாளுன்னா கடற்கரையில போயி சும்மா உக்காந்துக்கிட்டிருப்பேன். ஊருக்குப் போனா நம்ம தண்ணியில நாம குதிக்கணும்னு அப்பவே நெனச்சிட்டேன்."

பெரம்பலூர்ப் பக்கம் மழைத் தண்ணீரைப் பிடித்து, குதிப்பதற்கென்று நிறுத்திவைத்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். காசு கொழுத்துப்போச்சு என்றேன். அந்த ஐப்பசியில் ஒரே வாரம் பெய்தது. கரைக்கு அந்தப்புறம் தண்ணீர் தளும்பி நின்றது. போய்ப் பார்த்தேன். பள்ளமும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் வானம் விழுந்து கிடந்தது. அதற்குப்பிறகு நான் சிரிக்கவில்லை.

அவர்கள் ஓரத்தில் படி கட்டினார்கள். வேம்புக்கு அடியில் இரண்டு கல்பெஞ்சு போட்டார்கள். லாரி ட்யூப்கள் வந்தன, ஒரு பரிசல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு கல்யாணக் கூட்டம். யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை, எல்லாம் சொந்தபந்தம், டவுனில் தெரிந்தவர்கள். முன்பெல்லாம் சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வருகிற உறவுக்காரர்கள் என் வீட்டில்தான் சாப்பிட்டுப் போவார்கள். என் கையால் ஒரு ரசம் சாப்பிட்டால்தான் அவர்களுக்குப் பயணம் கூடிவரும். இப்போது கோயிலிலிருந்து நேராக டேம். போகிற வழியில் என் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கி, "என்ன அத்தாச்சி, வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் வீட்டுக்காரர் ஐம்பது வயதில் அரைக்கால் டவுசர் வாங்கினார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த டவுசரோடு அவர் தெருவில் நடந்துபோனதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பெண் விஷயம்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

அவள் அப்போது எட்டாம் வகுப்பு. என் ஓரகத்தி கொள்ளிடக்கரையில் பிறந்தவள், மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பாள். சுடிதாரை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் அக்கரையில்தான் தலை தெரியும். நானும் ஏரிக்கரைக்காரிதான். கீழப்பழுவூரில் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் ஏரி. ஆனால் பொட்டப்பிள்ளை தண்ணீரில் இறங்கினால் காலை ஒடித்துவிடுவார்கள். கரையில் நின்று பார்க்கமட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரகத்தி என் பெண்ணைத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்திருந்தாள். "ஒடம்ப லேசா வுடு. பயப்படாத, சித்தி இருக்கேன்ல" என்றாள். என் பெண் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை விட்டாள். நான் தலை பின்னிவிடும்போதுகூட வெடுக் வெடுக்கென்று இழுக்கிற பிள்ளை அது. அவள் கையில் அப்படிக் கிடந்தது. எனக்கு அடிவயிற்றில் கொள்ளியைச் செருகினது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் சித்தி புராணம்தான். சித்தி மாதிரி மூச்சு பிடி, சித்தி மாதிரி சிரி, சித்தி மாதிரி நீயும் வாயேன்மா. "அந்தச் சேத்துல எனக்கு என்னடி வேல?" என்பேன். பிறகு சும்மா இருக்காமல், "ஐப்பசி வரட்டும், அந்தக் கரை நிக்குதான்னு பாப்போம்" என்பேன். அந்த ஒரு வார்த்தையைக் கொழுந்தனிடம் சொன்னேன், ஓரகத்தியிடம் சொன்னேன், பால்காரனிடம்கூடச் சொன்னேன். இரண்டு ஐப்பசி வந்துபோனது. கரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. என் பேச்சு ஊருக்கே கேலியாகிவிட்டது.

மூன்றாவது ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை விட்டதும் வெங்காயத்தைப் பார்க்கப் போனேன். நட்டு நாற்பது நாள் ஆன சின்ன வெங்காயம். வரப்போடு நடந்து கரையின் அடிவாரம் வரை போனேன். அங்கே தண்ணீரைத் திறந்துவிடுவதற்காகக் கரைக்கு அடியில் ஒரு குழாய் பதித்திருந்தார்கள். குழாய் மூடித்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து, கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் பிடித்தேன். சாம்பல் கரைத்த மாதிரி கலங்கலாக இருந்தது.

ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. கரையிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை வேர்க்கிறது என்று அர்த்தம், பயமில்லை. கலங்கி வந்தால் கரை கரைகிறது. உள்ளே மண்ணை அரித்து அரித்து வெளியே கொண்டுவருகிறது. இன்றைக்கு விரல் நுழையும், நாளைக்குக் கை நுழையும், மறுநாள் கரை இருக்காது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த இடத்தைப் பார்த்ததுமே காரணமும் எனக்குத் தெரிந்துவிட்டது. கரை போட்டபோது, குழாயைப் பதித்து மேலே மண் தள்ளுவதற்கு முன்னால் கொழுந்தன் ஒரு முழுப் பூசணிக்காயைக் கொண்டுவந்தார். குங்குமம் தடவி, ஒற்றை ரூபாயைச் செருகி, குழாயின் மேலேயே வைத்துப் புதைக்கச் சொன்னார். ஜேசிபி ஓட்டின ஆள், "அண்ணே, காய் அழுகுனா உள்ள பொந்து வுழும். ரோட்டுல போட்டு ஒடச்சிடுங்க, பொதைக்காதீங்க" என்றான். கொழுந்தன் கேட்கவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுப்பா" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வரப்பில் நான் நின்றுகொண்டிருந்தேன். சட்டென்று குனிந்துகொண்டார். யார் கண்ணுக்கு அந்தக் காய் என்று நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அந்தக் காய் அழுகி, அந்தப் பொந்து வழியாகத்தான் இப்போது தண்ணீர் வழி கண்டுபிடித்திருந்தது. என் கண்ணுக்குப் பயந்து அவர்களே கரைக்குள் ஓட்டை வைத்துக்கொண்டார்கள். "வேணும். நல்லா வேணும்" என்று வாய்விட்டே சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் மழை. மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். இப்போது என் மணிக்கட்டு நுழைகிற அளவு. அடிவாரத்தில் ஒரு கூடை மண் சரிந்திருந்தது. நான் ஏன் சொல்லணும் என்று நினைத்தேன். சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டு வேலி, அவர்கள் வீட்டுக் கரை, கண்ணு இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். எல்லாம் சால்ஜாப்பு. அந்தத் தண்ணீர் போகணும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர், "கொழம்புல உப்பே இல்ல" என்றார். பிறகு அவரே, "நாளைக்குத் தண்ணி கரையத் தொட்டுக்கிட்டு நிக்கும். கறி எடுத்துக்கிட்டு டேமுக்குப் போயிடுவோம்" என்றார்.

என் பெண் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நாளைக்கு என்னை அக்கரை வரைக்கும் நீந்த வுடறேன்னு சித்தி சொல்லியிருக்காங்க. நடுவுல பிடிக்கவே மாட்டாங்களாம்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கரை போனால் போகிற தண்ணீர் ஆளையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அந்தத் தண்ணீரின் நடுவில் என் பெண் இருப்பாள். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவள் 'சித்தி' என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். நான் எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும், அடுத்த தெருவில் எதையோ இறக்குகிறார்கள், தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஜல்லி லோடுதான். எனக்குக் கரை சரிகிற சத்தமாகக் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அடியே பாவி, அடியே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

முதலில் அடிவாரத்துக்குப் போனேன். ஒரு குடம் நுழையும்போல வாய் திறந்து, தண்ணீர் மண்ணோடு குப்குப்பென்று கக்கிக்கொண்டிருந்தது. கரையில் ஏறினேன். பதினைந்து பேர் தண்ணீரில். என் பெண் நடுவில், நிஜமாகவே யாரும் பிடிக்காமல், கையை வீசி வீசி நீந்திக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. கரை ஒடையப் போவுது" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். புலி வருது புலி வருது என்று மூன்று வருஷம் கத்தினவள் நான், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கொழுந்தன் ட்யூபில் சாய்ந்துகொண்டே, "மூணாவது ஐப்பசியாண்ணி? வாங்க, வந்து பரிசல்ல உக்காருங்க" என்றார். என் வீட்டுக்காரர், "இவளுக்கு வேற பொழப்பு இல்ல" என்றார். என் பெண் நீந்துவதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே மிதந்தபடி என்னைப் பார்த்தாள். "அம்மா, ப்ளீஸ், போம்மா" என்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

என்ன சொன்னாலும் வேலைக்காகாது என்று தெரிந்துபோயிற்று. படியில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்குச் சறுக்கினேன். ஓட்டையில் பிடித்தேன். முட்டி சிராய்க்க மேலே ஏறி, படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஓரகத்தியின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாரு. குழாய் பக்கத்துல. காய் பொதைச்ச எடத்துல."

அவள் சொம்பைப் பார்த்தாள். கையை விட்டு, அடியில் படிந்திருந்ததை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். ஆற்றங்கரைக்காரி. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பி, "எல்லாம் ஏறுங்க. இப்பவே ஏறுங்க" என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. தொபுக்கென்று குதித்து நடுவுக்குப் போய், என் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நீந்தி அவளைக் கரைக்குக் கொண்டுவந்தாள். அவள் கால் படியில் பட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப்பிறகு எல்லாம் ஓட்டம். மூட்டை மூட்டையாக மணலைக் கட்டி ஓட்டைமேல் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஜேசிபி வந்தது. தண்ணீர் மட்டத்தைக் குறைத்தால்தான் கரை பிழைக்கும். குழாயைத் திறந்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும், அதனால் மிஞ்சின தண்ணீர் வழிவதற்கென்று கரை ஓரத்தில் விட்டிருந்த கலிங்கை ஆழமாக வெட்டவேண்டும். வெட்டினால் தண்ணீர் பழைய ஓடைத் தடத்தில் இறங்கும். அந்தத் தடத்தை என் வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்பே சமப்படுத்தி வெங்காயக் காட்டோடு சேர்த்துவிட்டிருந்தார்.

கொழுந்தன் என்னிடம் வந்து நின்றார். "வெங்காயம் பூராவும் போயிடுங்கண்ணி."

என் வீட்டுக்காரர் வெங்காயக் காட்டைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

பெரிய மனசு என்றார்கள். அண்ணிக்கு இருக்கிற மனசு யாருக்கும் வராது என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வெங்காயத்தின்மேல் ஏறி, பாத்தி பாத்தியாக மூடிக்கொண்டே போயிற்று. சாயங்காலத்துக்குள் குட்டை பாதிக்குமேல் வடிந்து, கரை நின்றுவிட்டது. என் பெண் ஈரத்துணியோடு வந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "ஸாரிம்மா, போம்மான்னு சொல்லிட்டேன்" என்று என் தோளில் அழுதாள். அவள் என்னை அப்படிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகியிருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓரகத்தி என் அடுப்படிக்கு வந்தாள். வடிந்த சேற்றில் பிடித்த விரால் மீன் நாலு, ஆய்ந்து சுத்தம் செய்து கொண்டுவந்திருந்தாள். கொடுத்தபிறகும் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா மனசு ஆற மாட்டேங்குது."

"சொல்லும்மா."

"வெள்ளிக்கிழம சாயந்தரம் நீங்க கரையடியில நின்னீங்கல்ல. நான் மேல வேம்புகிட்ட இருந்தேன். நீங்க என்னப் பாக்கல. குனிஞ்சு பாத்துட்டு ஏதோ வாய்க்குள்ள சொன்னீங்க."

மீன் சட்டியை மேடையில் வைத்தேன். தெரிந்துபோச்சு, எல்லாம் தெரிந்துபோச்சு என்று நினைத்தேன்.

"நான் தப்பா நெனச்சிட்டேங்க்கா" என்றாள். "வயித்தெரிச்சல்ல ஏதோ சாபம் வுடறீங்கன்னு நெனச்சேன். வூட்டுக்குப் போயி உப்பு மொளகா எடுத்து, உங்க கண்ணுபடக் கூடாதுன்னு சொல்லிச் சுத்திப் போட்டேன். நீங்க என்னடான்னா, தெளிஞ்சு வருதா கலங்கி வருதான்னு அன்னிலருந்து எங்களுக்காகக் காவல் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஊத்துப் பெருசானதும் செருப்பில்லாத காலோட ஓடி வந்தீங்க. என் புத்தி ஏன்தான் அப்படிப் போச்சோ. என்ன மன்னிச்சிடுங்கக்கா."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ நினைச்சதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தப்பு செய்யாத ஒருத்தி, செய்தவள் எதிரில் நின்று இப்படி அழுது மன்னிப்புக் கேட்கிறாளே, இந்த மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

"சரி விடும்மா" என்றேன். "நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல."